சென்ட் கணக்கில் நிலம், மாதக் கணக்கில் செலவு: குமரி மாவட்டச் சிறு விவசாயக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலத்தை ஏக்கரில் சொல்பவர்கள் குறைவு. வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் விளை (மேட்டுத் தோட்டம்), ஏலாவில் (தாழ்வான வயல்வெளியில்) பதினைந்து சென்ட் வயல், மலையடிவாரத்தில் அரை ஏக்கர் ரப்பர் என்றுதான் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கு இருக்கிறது. தஞ்சைக்கோ கோவைக்கோ எழுதப்பட்ட ஆலோசனைகளை இந்த நிலத்தில் அப்படியே செயல்படுத்த முடியாது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் விவசாயக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, இந்த மண்ணுக்கும் மழைக்கும் பொருந்தும் பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்களிடம் இருப்பதே இருபது சென்ட். இதை வைத்து வறுமையிலிருந்து மீள முடியுமா?

இருபது சென்ட் மட்டுமே ஒரு குடும்பத்தின் முழு வருமானமாக இருக்க முடியாது. அப்படி முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கூலி வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் மாதக் கடைசியில் கடன் வாங்காமல் இருக்க இருபது சென்ட் போதும். காய்கறி, கிழங்கு, தேங்காய், முட்டை, பால் ஆகியவற்றுக்குக் கடைக்குப் போகும் பணம் நின்றாலே பெரிய மாற்றம் தெரியும். அதற்கு மேல் நல்லமிளகு, வாழைக்குலை, தேன் என்று கொஞ்சம் கொஞ்சமாக விற்பனையும் சேரும்.

குமரிக்கு ஒரு பெரும்பேறு உண்டு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் ஒரு பருவமழையை நம்பியிருக்கும்போது, இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டும் பெய்கின்றன. சிறிய நிலத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று விளைந்துகொண்டே இருக்கச் செய்வதற்கு இதுவே அடிப்படை. ஒரு பயிரில் ஒரே தவணையில் பெரும் பணம் எடுக்க நினைப்பதைவிட, பல சிறு வரவுகளை ஆண்டு முழுவதும் பரப்பி வைப்பதே சென்ட் கணக்கில் நிலம் உள்ளவர்களுக்குப் பொருந்தும்.

அப்படியானால் முதலில் எந்தப் பயிரை வைப்பது?

பயிருக்கு முன்னால் கடன். ஒரு தாளை எடுத்து வீட்டில் உள்ள எல்லாக் கடன்களையும் எழுதுங்கள்: நகைக்கடன், வாரத் தவணைக் குழுக்கடன், பக்கத்து வீட்டில் வாங்கியது, உரக்கடை பாக்கி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டு வட்டியைப் போடுங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்று கேட்கும்போது சிறியதாகத்தான் தெரியும். 50,000 ரூபாய்க்கு அது மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000 ரூபாய். அதே 50,000 ரூபாயை விவசாயக் கடன் அட்டையில் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால், மத்திய அரசின் வட்டிச் சலுகை போக ஆண்டு வட்டி 4 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். மிச்சமாகும் 16,000 ரூபாயை இருபது சென்ட் நிலத்தில் சம்பாதிக்க எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை உழைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனை உரிய காலத்தில் செலுத்தினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. 2019 முதல் மாடு, ஆடு, கோழி, மீன் வளர்ப்புக்கும் விவசாயக் கடன் அட்டை கிடைக்கிறது. 2025 ஜனவரி முதல் பிணை இல்லாமல் தரக்கூடிய கடனின் வரம்பு 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பயிர்க்கடனை வாங்கிக் கல்யாணச் செலவு செய்தால் இந்தக் கணக்கு எல்லாம் வீண்.

கடன் கேட்டுப் போனால் பட்டா கேட்கிறார்கள். எங்கள் நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. என்ன செய்வது?

இந்த மாவட்டத்தில் மிகப் பல குடும்பங்களைத் தடுத்து நிறுத்துவது மண்ணோ மழையோ இல்லை, இந்த ஒரு காகிதம்தான். தாத்தா பெயரில் இருந்த ஒரு ஏக்கர் அப்பா காலத்தில் வாய்மொழியாகப் பிரிந்து, இப்போது ஆறு பேர் ஆளுக்கு ஒரு துண்டில் பயிர் வைக்கிறார்கள். பட்டாவில் ஆறு பேரும் இருக்கிறார்கள், அல்லது காலமான தாத்தா மட்டும் இருக்கிறார். அந்தப் பட்டாவைக் காட்டிக் கடன் வாங்குவதும் மானியம் பெறுவதும் கடினம்.

வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், நில அளவையாளர் அளந்த உட்பிரிவு, தனிப் பட்டா என்ற வரிசையில் போக வேண்டும். அலைச்சல்தான், செலவும் உண்டு. ஆனால் ஒரு முறை முடித்துவிட்டால் வட்டாட்சியரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்க முடியும். தனிப் பட்டாவும் அந்தச் சான்றும் இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் உதவி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் இருந்தால், கோபம் ஆறட்டும் என்று பத்து ஆண்டுகள் காத்திருக்காதீர்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். அக்கா தங்கைகளின் பங்கையும் அப்போதே சேர்த்துப் பேசுங்கள். விட்டுப்போன ஒரு கையெழுத்து பின்னால் மொத்தப் பத்திரத்தையும் முடக்கிவிடும்.

ரப்பர் விலை மேலும் கீழும் போகிறது. வெட்டிவிட்டு வேறு பயிர் வைக்கலாமா?

2011இல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனது. அந்த விலையைப் பார்த்து மரச்சீனியும் (மரவள்ளியும்) வாழையும் இருந்த விளைகளில்கூட ரப்பர் கன்று வைத்தவர்கள் பலர். கன்று மரமாகிப் பால் வெட்ட ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் 2016 தொடக்கத்தில் விலை நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் தோட்டங்கள் வரிசையாகச் சாய்ந்தன. ரப்பரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

இருந்தாலும் நல்ல பால் தரும் மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன். பால் தரும் மரம் இருக்கிறவரை அதைச் சரியாக வெட்டுங்கள். மழைத்தடுப்புப் பிளாஸ்டிக் ஒட்டினால் தென்மேற்கு மழைக் காலத்தில் இழக்கும் வெட்டு நாட்களில் ஒரு பகுதியை மீட்கலாம். ஒட்டுப்பாலாக (கிண்ணத்திலும் பட்டையிலும் உறைந்த பாலாக) விற்பதைவிட நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு உருளை இயந்திரத்தில் ஷீட் அடித்துப் புகைபோட்டு விற்றால் கிடைக்கும் விலை கூடுதல். வயதான தோட்டத்தை மறுநடவு செய்யும்போதுதான் முடிவெடுக்க வேண்டும். அரை ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் முழுவதையும் மீண்டும் ரப்பருக்குக் கொடுக்காதீர்கள். கன்று வைத்த முதல் மூன்று ஆண்டுகள் வரிசைகளுக்கு நடுவே அன்னாசியும் வாழையும் போட்டால் காத்திருக்கும் காலத்திலும் வீட்டில் பணம் புழங்கும்.

தென்னைக்கு அடியில் என்னென்ன வைக்கலாம்?

தென்னந்தோப்பில்தான் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் அதிகமான இடத்தை வீணாக்குகின்றன. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் இருபது சென்டில் 14 தென்னை நிற்கும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. மீதி மண் சும்மா கிடக்கிறது.

மரத்தின் வயதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதல் ஏழு ஆண்டுகளும், இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் தரையில் வெயில் விழும். இடைப்பட்ட காலத்தில் ஓலை விரிந்து நிழல் கனமாக இருக்கும், அப்போது ஊடுபயிரை வலிந்து வைத்தால் ஏமாற்றம்தான். உயர்ந்து வளர்ந்த ஈத்தாமொழி நெட்டைத் தோப்புகளில் வெயிலுக்குக் குறைவில்லை. அங்கே மாசி, பங்குனியில் சேனையும் காச்சில் கிழங்கும் நட்டு முதல் மழையில் முளைக்கவிட்டால், கார்த்திகைக்குப் பிறகு தோண்டலாம். மழை சற்று ஓய்ந்த ஆடி, ஆவணியில் சிறுகிழங்குக் கொடியை நட்டால் பொங்கல் சந்தைக்குக் கிடைக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரம் திங்கள்சந்தையிலும் கருங்கல் ஊர்ச் சந்தையிலும் கிழங்கு போகிற வேகம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நல்லமிளகைத் தென்னையில் ஏற்றலாம். ஆனால் தேங்காய் வெட்ட ஒவ்வொரு முறையும் ஏணி தேட வேண்டியிருக்கும். வேலியோரத்தில் நிற்கும் பலா, கமுகு, சீமைக்கொன்றை ஆகியவற்றில் ஏற்றுவது வசதி. பன்னியூர் 1 ரகத்துக்கு வெளிச்சம் வேண்டும், நிழல் அதிகமான இடத்துக்குக் கரிமுண்டா ஏற்றது. ஒரு கொடிக்கு ஒரு கிலோ உலர்ந்த மிளகு, கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் பதினான்கு கொடிகளுக்கு 7,000 ரூபாய். பறித்து உதிர்த்த பச்சை மிளகைக் காயப்போடும் முன் ஒரு கூடையில் அள்ளி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். பழுப்பும் சாம்பலுமாகக் காயவேண்டிய மிளகு ஒரே சீராகக் கருத்துப் பளபளக்கும், காயும் நாளும் குறையும். கடைக்காரர் குறை சொல்லி விலையை இறக்குவதற்கு வழி இருக்காது.

ஒரு தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் தேவை. வீட்டில் ஒரு மாடு இருந்தால் இந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

வாழையில் எந்த ரகம் நல்லது? குலை தள்ளும் நேரத்தில் மரம் ஒடிந்துபோகிறதே?

ஏத்தன் (நேந்திரன்) ஓணச் சந்தைக்கு உரியது. ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் ஆவணியில் குலை வெட்டலாம். கேரளத்து வியாபாரிகள் வந்து எடுக்கிறார்கள், விலையும் ஓணத்தை ஒட்டிய இரண்டு வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கும். ஆனால் எல்லோரும் அதே நாளைக் குறிவைப்பதால், உங்கள் நடவை மூன்றாகப் பிரித்து மாதத்துக்கு ஒரு பங்காக நடுவது பாதுகாப்பு. மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குழந்தைக்கு முதல் பழமாக மட்டி கொடுக்கும் பழக்கம் இங்கே இருப்பதால் உள்ளூரிலேயே தேவை உண்டு. செந்துளுவன் (செவ்வாழை) குலைக்கு வர நாளாகும், விலையும் அதற்கேற்றபடி கிடைக்கும். விளையின் ஓரத்தில் நாலைந்து மூடு (மரம்) போதும்.

மரம் ஒடிவதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. தண்டைச் சற்றுக் குனிந்து பாருங்கள். ஐந்தாவது மாதத்துக்கு மேல் மட்டையில் குண்டூசி குத்தியதுபோல் சிறு துளைகளும், அவற்றிலிருந்து வழிந்து உறைந்த பிசினும் தெரிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் கூன்வண்டின் புழு இருக்கிறது. தண்டு உள்ளுக்குள் அரிக்கப்பட்டுவிட்டால் குலையின் எடையைத் தாங்காமல் சிறு காற்றுக்கே முறிந்துவிடும். காய்ந்த இலைகளையும் மட்டைகளையும் அவ்வப்போது அறுத்து, வண்டு ஒளியும் இடத்தை இல்லாமல் செய்யுங்கள். குலை வெட்டிய தண்டை ஓரடித் துண்டுகளாக நறுக்கி நீளவாக்கில் பிளந்து, பிளந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி வாழை மூடுகளுக்கு அருகில் போட்டு வையுங்கள். புளித்த மணத்துக்கு இரவில் வண்டுகள் வந்து சேரும். காலையில் புரட்டிப் பொறுக்கி அழித்துவிடலாம். துண்டுகள் காய்ந்ததும் புதியவற்றை மாற்ற வேண்டும். இதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள், மருந்துச் செலவும் இல்லை. ஆனால் உங்கள் விளையில் மட்டும் செய்தால் பக்கத்து விளையிலிருந்து வண்டு வந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள நான்கு வீட்டாரிடமும் சொல்லிச் செய்ய வைப்பதுதான் பாதி வேலை.

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது?

தேனீ. இந்த மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை.

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் ஊரகச் சீரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். ஏழைக் குடும்பங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய துணைத் தொழில்களை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அவற்றில் முக்கியமானவை. பொந்துகளிலும் பானைகளிலும் இருந்த இந்தியத் தேனீயை மரப்பெட்டியில் குடிவைத்து வளர்க்கும் பழக்கம் அப்படித்தான் இந்தப் பகுதியில் வேரூன்றியது. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போருக்குக் கூட்டுறவுச் சங்கமும் உருவானது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நிலமில்லாத எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

இங்கே தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்ந்து செம்பழுப்பாகத் தளிர் விடுகிறது. ஒரு காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். அங்கே சிறு மொட்டுப்போல் சுரப்பிகள் இருக்கும், காலை நேரத்தில் அவற்றில் தேன்நீர் பளபளத்து நிற்கும். தை முதல் பங்குனி வரை தேனீக்கள் இதைத்தான் சேகரிக்கின்றன. ரப்பர் தோட்டக்காரருக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை, இடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. அப்போது கூட்டம் பெருகும், பிரித்து வாங்கலாம், மகசூல் காலத்துக்குள் பெட்டி நிறைந்துவிடும். தேன் ஓடும் காலத்தில் பெட்டியை வாங்கினால் அந்த ஆண்டு கையில் எதுவும் நிற்காது. இரண்டு மூன்று பெட்டிகளோடு தொடங்கி, அனுபவம் உள்ள ஒருவரோடு ஒரு மகசூல் காலம் முழுவதும் கூடவே போங்கள். நல்ல இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் ஒரு பெட்டியிலிருந்து ஆண்டுக்குப் பத்து கிலோ அளவுக்குத் தேன் எதிர்பார்க்கலாம்.

கடினமான காலம் ஆனி முதல் ஆவணி வரை. மழையில் தேனீக்கு வெளியே உணவில்லை. சர்க்கரைப் பாகு கொடுக்காமல் விட்டால் கூட்டம் மெலியும், மெழுகு அந்துப்பூச்சி புகும், கடைசியில் பெட்டியை விட்டே ஓடிவிடும். தேன் எடுத்த காசில் ஒரு பங்கை இந்தச் சர்க்கரைக்காகத் தனியாக எடுத்து வையுங்கள். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் அவசியம்.

1991, 1992இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது இங்கேயும் பெட்டிகள் பெருமளவில் காலியாயின. நோய் தாங்கிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் இன்றைய தொழில் மீண்டு வந்தது. புழு நிமிர்ந்து விறைத்துப் பைபோல் வீங்கிச் சாவது தெரிந்தால் அந்தக் கூட்டத்தின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், அதைப் பிரித்து விற்கவும் விற்காதீர்கள்.

அடை முக்கால்வாசியாவது மெழுகால் மூடப்பட்ட பிறகே தேனை எடுங்கள். ரப்பர் தேனில் இயல்பாகவே நீர் அதிகம். அவசரப்பட்டு எடுத்தால் சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிடும், வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். விற்பனைக்கான தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

மாடு வாங்கலாமா, ஆடு வாங்கலாமா?

தீவனம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மாடு. ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். நல்ல வெயில் படும் பத்து சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வைத்து, தொழுவக் கழிவு நீரைப் பாய்ச்சினால் ஒரு மாட்டுக்குப் பெரும்பாலும் போதும். முழுத் தீவனத்தையும் கடையில் வாங்கி மாடு வளர்த்தால் பால் காசு அப்படியே தீவனக் கடைக்குப் போய்விடும்.

இடம் குறைவாக இருந்தால் இரண்டு வெள்ளாடு. வேலியில் சீமைக்கொன்றை, கிளுவை, அகத்தி வைத்தால் தழைக்குப் பஞ்சமில்லை. ஒரு முக்கியமான எச்சரிக்கை: மரச்சீனி இலையைப் பச்சையாக ஆட்டுக்குப் போடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு உண்டாகிறது, கிழங்கு பிடுங்கும் நாளில் குவித்த இலையைத் தின்று ஆடு செத்துப்போவது உண்டு. நறுக்கி நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும்.

முழுக்க இயற்கை விவசாயத்துக்கு மாறினால் விளைச்சல் குறையாதா?

ஒரே நாளில் உரத்தை நிறுத்தினால் குறையும். கடனில் இருக்கும் குடும்பம் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

நம் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் செம்மண், சரளை மண். இரண்டு மழையும் மாறி மாறிச் சத்தை அடித்துக்கொண்டு போவதால் மண் புளித்துக் கிடக்கிறது. இந்தப் புளிப்பைச் சரிசெய்யாமல் எத்தனை ஜீவாமிர்தம் (சாணக் கரைசல்) ஊற்றினாலும் பயிர் முழுப் பலனை எடுக்காது. மண் பரிசோதனை செய்து, சொல்கிற அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ முதல் மழையோடு இடுங்கள். செலவு குறைந்த, ஆனால் அதிகம் மறக்கப்படும் வேலை இது.

அடுத்தது மண் போகாமல் தடுப்பது. சரிவான விளையில் பழைய கய்யாலைகள் (கல் வரப்புகள்) இடிந்து கிடந்தால் கல்லை எடுத்து அடுக்கிச் சரிசெய்யுங்கள். மரச்சீனி மூடுகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக எடுங்கள். தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி நீளக் குழியில் அடுக்கிப் புதைத்தால் அது மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணின் மேல் எப்போதும் தழையோ சருகோ கிடக்கட்டும். ஆடிச் சாரலில் செந்நிறமாக ஓடும் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குச் சோறு போடும் மேல்மண் குழித்துறைத் தாமிரபரணிக்கும் வள்ளியாற்றுக்கும் போகிறதே என்று மனம் பதைக்கிறது.

மண்ணில் மக்கு சேரச் சேர ரசாயன உரத்தை ஆண்டுக்குக் கால்பங்காகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சீமைக்கொன்றைத் தழை, தக்கைப்பூண்டு, தொழுவுரம், மண்புழு உரம் ஆகியவை வீட்டிலேயே கிடைக்க வேண்டும். இயற்கை இடுபொருள் என்று போத்தலில் அடைத்து விற்பதைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால் பழைய உரக்கடைக் கடன் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும்.

இயற்கை விளைபொருள் சான்றிதழ் வேண்டுமா?

உள்ளூரில் முகம் தெரிந்தவர்களுக்கு விற்கும்வரை தேவையில்லை. வெளியூருக்குக் கிராம்போ மிளகோ அனுப்பும் அளவுக்கு வளர்ந்தால், அண்டை விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்புச் சான்று முறை செலவு குறைந்தது. ஏற்றுமதிக்கு மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும், மாறுதல் காலமே ஓராண்டுப் பயிருக்கு இரண்டு, பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகள்.

ஏலாவில் வயல் இருக்கிறது. நெல்லில் நட்டம்தான் வருகிறது. மண் போட்டு நிரப்பித் தென்னை வைத்துவிடலாமா?

வேண்டாம். கூலி கூடியதும், நெல் விலை அதற்கு ஈடாகக் கூடாததும் உண்மை. நாஞ்சில் நாட்டின் ஏலாக்கள் கண்முன்னே சுருங்கியதற்கு விவசாயியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நடுவில் ஒருவர் வயலை நிரப்பினால் சுற்றியுள்ளவர்களுக்கு வாய்க்கால் மறிகிறது, மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் அவர்கள் வயலும் அழுகுகிறது. கிணறுகளில் நீர்மட்டமும் இறங்குகிறது. நஞ்சையை மாற்றச் சட்டப்படி அனுமதியும் தேவை.

1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்ததிலிருந்து கோதையாற்றுப் பாசனத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) விளைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே செலவைக் குறைக்கும் இடங்களைத் தேடுங்கள். ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும், பழைய முறையில் இருபது கிலோவுக்கு மேல் போகும். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்காகவே வெளியிட்ட டி.பி.எஸ். ரகங்கள் இருக்கின்றன. கும்பப்பூ அறுத்ததும் ஈரம் காயும் முன் உளுந்து அல்லது பச்சைப்பயறு விதைத்தால் எழுபது நாளில் ஒரு வரவு, மண்ணுக்குத் தழைச்சத்து. அறுவடை இயந்திரத்துக்கு ஏலா முழுவதும் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டிருந்தால் வாடகை குறைத்துப் பேசலாம். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், காயவைக்கும் களத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாட்டத்துக்கு (குத்தகைக்கு) வயல் எடுத்துச் செய்பவர்களின் நிலைதான் மிகவும் வருத்தமானது. வாய்மொழிப் பாட்டம் என்பதால் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பெயர் ஏறுவதில்லை. வெள்ளம் வந்தால் நிவாரணமும் காப்பீடும் நிலக்காரரின் கணக்குக்குப் போகின்றன. நிலக்காரரோடு நல்லுறவு இருந்தால் எழுத்தில் ஒரு பாட்ட ஒப்பந்தம் கேளுங்கள். நிலக்காரர்கள் இதைப் படித்தால், அந்தக் கையெழுத்தைத் தயங்காமல் போட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளைந்தாலும் விலை கிடைப்பதில்லையே?

ஒரு குலையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவரிடம் பேரம் பேசும் பலம் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் வெட்டி ஒரு வண்டி ஏற்றினால் வியாபாரி விளைக்கே வருவார். சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லாம் இதற்காகத்தான். பதிவு செய்து பெயர்ப்பலகை வைப்பதைவிட முதலில் ஒரே ஒரு பொருளைச் சேர்ந்து விற்றுப் பாருங்கள். உழவர் சந்தைக்கு அடையாள அட்டை வாங்கினால் தரகு இல்லாமல் விற்கலாம்.

விலை சரியும்போது பொருளை மாற்றுங்கள். மரச்சீனி விலை விழுந்தால் அவித்துக் காயவைத்து வற்றலாக வைக்கலாம். ஏத்தங்காய் தேங்கினால் தேங்காயெண்ணெயில் வறுத்த சிப்ஸுக்கு நம் ஊரிலேயே ஆள் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவுக்குச் சிறு தயாரிப்பாளர் கட்டும் கட்டணம் மிகவும் குறைவு, அதை எடுத்த பிறகே கடைகளுக்குக் கொடுங்கள்.

புயலும் காட்டுப்பன்றியும் வந்தால்?

வாழைக்கும் நெல்லுக்கும் உங்கள் பகுதி அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கடைசித் தேதிக்கு முன் காப்பீடு செய்யுங்கள். தோட்டப்பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. பெரும்பாலும் பகுதி முழுவதுக்குமான இழப்பை வைத்தே கணக்கிடுவதால், உங்கள் தோட்டம் மட்டும் சாய்ந்தால் பணம் வராமல் போகலாம். பல பயிர்களைக் கலந்து வைப்பது அதற்காகவும்தான். ஒக்கியில் வாழை மொத்தமும் போன விளைகளில், மண்ணுக்கடியில் கிழங்கு இருந்தவர்களுக்குச் சில வாரச் சாப்பாட்டுக்காவது வழி இருந்தது.

பன்றி தின்ற பயிருக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே தெரிவியுங்கள். மின்கம்பி மட்டும் கட்டாதீர்கள், பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

எங்கே போய்க் கேட்பது?

பயிருக்கும் மானியத்துக்கும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், வாழை, மிளகு, தேனீ ஆகியவற்றுக்குத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். நெல்லுக்கும் பயிற்சிகளுக்கும் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், தோட்டப்பயிர், மலைப்பயிர் கன்றுகளுக்கும் நுட்பங்களுக்கும் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். நேரில் போக முடியாதவர்கள் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். உழவன் செயலியில் மானியங்களுக்குப் பதிவு செய்யலாம், அதன் பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது பட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றின் நகல்களை இரண்டு தொகுதிகளாக எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பயிர் வேலையைப் பார்ப்பவர் யாரோ அவரே போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பெண்தான். மாதம் ஒரு முறை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அவர்கள் எழுந்து பேசலாம். மனுவை எழுதியே கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.